பூச்சியம் சேராத தொடர்பு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: சமச்சீரும் கடப்பும் உள்ள எந்தத் தொடர்பும் தற்சுட்டாகவும் இருந்தே தீரும். இந்த உண்மை பேராசிரியர் லுட்விக் ஜெலோன்காவால் நிறுவப்பட்டு, எட்டுப் பதிப்புகளில் உறுதிசெய்யப்பட்டு, பாலிடெக்னிக்கின் இரண்டாம் மாடியில் கணிதத் துறை வாசலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருக்கிறது. எண்கள் அனைத்தும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். மாணவர்கள் ஏற்கெனவே கட்டுப்பட்டுவிட்டார்கள்.

உண்மையில் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. எண்களுக்குள் ஏதோ ஒரு தொடர்பைச் சொல்லிவிட்டு, அதன் பண்புகளைக் கண்டுபிடி என்பார்கள். ஒவ்வொரு எண்ணும் தன்னோடு தானே தொடர்புகொண்டிருந்தால் அது தற்சுட்டு. இது அதற்குத் தொடர்பென்றால் அதுவும் இதற்குத் தொடர்பு என்றிருந்தால் சமச்சீர். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தொடர்பிருந்து, அதனால் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்துகொண்டால் கடப்பு. மூன்றும் இருந்தால் சமானத் தொடர்பு. கட்டுமானப் பொறியியல் முதலாண்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, மறந்துவிட்டு, பாலம் கட்டப் போய்விடுவார்கள்.

பேராசிரியரின் நிரூபணம் மூன்றே வரி. நான் உனக்கு நண்பன். ஆகவே நீ எனக்கு நண்பன். ஆகவே உன் வழியாக நான் எனக்கே நண்பன். இதை அவர் கரும்பலகையில் எழுதி முடித்ததும், வில் வடிவில் முடிச்சிட்ட கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு ஐந்து வினாடி அமைதி காப்பார். அந்த ஐந்து வினாடியில் யாரும் இருமக் கூடாது. நண்பனே இல்லாத ஒருவன் உலகத்தில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த வகுப்பில் எழுந்ததில்லை.

எழுந்தது ஒரே ஒரு இடத்தில்தான். பேராசிரியரே எழுதிய பாடநூலின் பயிற்சி நாற்பத்தேழு. 'முழுக்களின் கணத்தில், இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியத்தைவிடப் பெரிதானால் அவை தொடர்புடையவை. இத்தொடர்பின் பண்புகளைக் காண்க.' மூன்றும் ஐந்தும் தொடர்புடையவை, பெருக்கினால் பதினைந்து. கழித்தல் குறி போட்ட இரண்டும் ஏழும் தொடர்புடையவை, பெருக்கினால் பதினான்கு. பூச்சியத்தை எதனோடு பெருக்கினாலும் பூச்சியம். பூச்சியம் பூச்சியத்தைவிடப் பெரிதில்லை. ஆகவே பூச்சியத்துக்கு யாரோடும் தொடர்பில்லை, தன்னோடுகூட. தொடர்பு தற்சுட்டு அல்ல. பத்து வயதுப் பிள்ளை சரிபார்க்கக் கூடிய கணக்கு. விடைப் பக்கத்தில் 'சமானத் தொடர்பு' என்று அச்சாகியிருந்தது. எட்டுப் பதிப்பிலும்.

டாக்டர் எமீலியா குபாட்ஸ்கா இதைத் துறையில் சேர்ந்த முதல் வருடமே பார்த்துவிட்டாள். தன் பிரதியில் அந்தப் பயிற்சிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டாள். ஒரு வாரம் கழித்து அதை ரப்பரால் அழித்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம், விடைப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரியாக எழுதியவர்களுக்குச் சிவப்பு மையால் தப்புப் போட்டுவந்தாள். வருடத்துக்கு நாலைந்து பேர் சரியாக எழுதுவார்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மற்ற கேள்விகளில் தேறிவிட்டு, வசந்தம் வந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் டோபியாஸ் ரெமிஷ் வந்தான். சுரங்கத்தில் லிப்ட் இயக்குபவரின் மகன். மேதை எல்லாம் இல்லை. தொகையீடு என்றால் அவனுக்கு வியர்க்கும். மடக்கை அட்டவணையைத் தலைகீழாகப் பார்ப்பான். ஆனால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கினால் என்ன வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கெட்ட காலம். ஜனவரித் தேர்வில் அதை அப்படியே எழுதினான், மற்ற கணக்குகளும் சுமார்தான் என்பதால் இரண்டு மதிப்பெண். ஐந்துக்கு இரண்டு என்றால் தோல்வி, மூன்று என்றால் தேர்ச்சி. பிப்ரவரி மறுதேர்வில் பேராசிரியர் தன் தேற்றத்தைச் சொல்லச் சொன்னார். அவன் தேற்றத்தைச் சொல்லிவிட்டு, "ஆனா பூச்சியத்துக்கு இது சரிப்படாதே, பான் புரொபசர்" என்றான். ஆண்களுக்குப் 'பான்', பெண்களுக்குப் 'பானி' என்று மரியாதைக்குச் சேர்க்கும் ஊர் வழக்கத்தை அவன் விடவில்லை, ஆனாலும் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இரண்டு.

மிச்சமிருந்தது குழுத் தேர்வு. பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்காருவார்கள்: பாடம் நடத்தியவர், டீன், துறையிலிருந்து ஒரு நிபுணர். ஆளுக்கொரு ஓட்டு. அதிலும் இரண்டு வாங்கினால் பெயரை நீக்கிவிடுவார்கள். பாலிடெக்னிக் பட்டியலிலிருந்து நீங்கிய பெயர் பதினைந்தே நாளில் பட்டாளத்துப் பட்டியலில் ஏறிவிடும். எந்த அரசு அலுவலகத்திலும் காகிதம் இவ்வளவு வேகமாக நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு வருடம். துறையிலிருந்து நிபுணர் என்று எமீலியாவைப் போட்டிருந்தார்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் உணவுக்கூடத்தில் அவன் தட்டோடு வந்து நின்றான்.

"உட்காரலாமா, பானி டாக்டர்?"

"உட்காருப்பா. சூப்பை வெச்சுக்கிட்டு நின்னா சிந்திடும்."

உட்கார்ந்தான். புளித்த முட்டைக்கோஸ் சூப்பில் ரொட்டியை முக்கி ஒரு வாய் சாப்பிட்டான்.

"புதன்கிழமை நான் ஆமான்னு சொல்லிடப் போறேன்."

"எதுக்கு ஆமா?"

"அவர் எதுக்குக் கேக்கறாரோ அதுக்கு. தற்சுட்டா? ஆமா. சமானமா? ஆமா. என் தேற்றம் உண்மையா? ஆமாங்க பான் புரொபசர், சூரியன் மாதிரி. மூணு போட்டு விடுங்க, நான் போய்ப் பாலத்தைப் பாக்கறேன்."

"அப்போ பூச்சியம்?"

"பூச்சியம் என்ன எனக்கு மாமனா, மச்சானா? அதுக்காக ரெண்டு வருஷம் பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிக்கணுமா?"

இந்த இடத்தில் எமீலியா செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நல்லது தம்பி, ரொட்டியைச் சாப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நீ எழுதினது சரின்னு உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்கென்ன, எங்கப்பாவுக்கே தெரியும். ஏண்டா, சைபரை சைபரால பெருக்கினா சைபர்தானே, இதுக்கா உன்னை ஃபெயிலாக்கினான்னு கேக்கறார். அவரு எட்டாவது."

"அப்ப அதைச் சொல்லு. அந்த ரூம்ல டீன் இருப்பார். எல்லாத்தையும் குறிப்பேட்டுல எழுதுவாங்க. அவர் காங்கிரீட் ஆளு, கணக்குன்னா என்னைத்தான் கேப்பார். நான் சொல்றேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"நீங்க அவர் துறையில வேலை பாக்கறீங்க, பானி டாக்டர்."

"அது என் கவலை."

அவன் மீதி ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தான்.

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு வருடமாக வாய்க்குள் கிடந்த ஒரு வாக்கியத்தை வேறு யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கிடைத்தவனைத் தள்ளிவிட்டாள். தள்ளியபோது நெஞ்சு விம்மியது. தனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். குழுத் தேர்வில் மாணவன் மூன்று மடித்த சீட்டுகளில் ஒன்றை எடுப்பது வழக்கம். சீட்டுகளை அவர் எழுதிவைத்திருந்தார். வெட்டி மடிக்க வேண்டியது அவள் வேலை. மூன்றிலும் நாற்பத்தேழுதான் இருந்தது.

"மூணும் ஒண்ணா இருக்கே, பான் புரொபசர்."

"அவனுக்குத் தேர்ந்தெடுக்கற சிரமம் வேண்டாமேன்னுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பையன் கெட்டிக்காரன்தான். நான் அவனைப் பூச்சியத்துக்காகத் தண்டிக்கல, பானி எமீலியா. அடக்கமில்லாததுக்குத் தண்டிக்கறேன்."

"பூச்சியத்தைப் பத்தி உங்களுக்கு..."

"அறுபத்தொம்பதுலயே தெரியும். ரெண்டாம் பதிப்பு அச்சுல இருந்தது. ஒரு பதிப்புல இருந்தா அது பிழை. எட்டுப் பதிப்புல இருந்தா அது மரபு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம், உங்க நியமன நீட்டிப்பு. ஆறு வருஷத்துக்கு. வியாழக்கிழமை ஆட்சிக்குழுவுல வைக்கறேன். காகிதம் என் மேசைமேலயே இருக்கு. என் பக்கத்துல ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் ஒருவேளை உதவியிருக்கும். அவர் பொறுமையாக, கனிவாக, வியாழக்கிழமைக்கு முந்தின நாள் புதன் என்பதை மட்டும் நினைவூட்டினார். எமீலியா சீட்டுகளை மடித்தாள். அழகாகவே மடித்தாள்.

புதன்கிழமை டோபியாஸ் கறுப்புக் கோட்டில் வந்தான். கை இரண்டு விரற்கடை குட்டை, கோட்டு அவனுடையதல்ல. வழக்கப்படி மூன்று கார்னேஷன் பூ கொண்டுவந்திருந்தான். துறைச் செயலாளர் பானி யத்விகா அவற்றை ஊறுகாய் ஜாடியில் வைத்து, டீனுக்கு முன்னால் தேநீரையும் ஹாம் வைத்த ரொட்டித் துண்டுகளையும் வைத்துவிட்டுப் போனாள். டீன் ஸ்டோபா கனத்த மனிதர். முப்பது வருடம் அணைக்கட்டுகளில் நின்றவர். இந்த மாதிரித் தேர்வுகளில் ரொட்டி தீரும்வரை விழித்திருப்பார்.

டோபியாஸ் சீட்டை எடுத்தான். படித்தான். லேசாகச் சிரித்தான். கரும்பலகைக்குப் போய் நிதானமாக எழுதினான். சமச்சீர்: உண்டு. கடப்பு: உண்டு. தற்சுட்டு: இல்லை.

"இல்லையா?" என்றார் பேராசிரியர், உடல்நலம் விசாரிப்பதுபோல.

"இல்ல, பான் புரொபசர். பூச்சியம் தன்னோட தொடர்புல இல்ல. பூச்சியம் பெருக்கல் பூச்சியம், பூச்சியம்."

"பாடநூலின் மூன்றாம் தேற்றத்தைச் சொல்."

சொன்னான். "ஆனா அதுக்கு முதல்ல ஒரு நண்பன் வேணும். பூச்சியத்துக்கு யாருமில்ல. அங்கயே தேற்றம் நின்னுடுது."

டீன் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைப் பாதியில் நிறுத்தினார். முன்னால் சாய்ந்தார்.

"இருங்க, இருங்க. ஜீரோவை ஜீரோவால பெருக்கினா ஜீரோ. ஜீரோ ஜீரோவை விடப் பெரிசில்ல. பையன் சரியாத்தானே சொல்றான்? இல்ல காங்கிரீட்டு எனக்கு மூளைவரைக்கும் போயிடுச்சா?"

"மதிப்புக்குரிய டீன் அவர்களே," பேராசிரியர் எழுந்து நின்றார். "இது செங்கல் எண்ணுகிற கணக்கல்ல. இது அமைப்பைப் பற்றிய பேச்சு. தொடர்பே இல்லாத ஒன்றைப் பற்றித் தொடர்பியல் கவலைப்படுவதில்லை. தொடர்பற்றது, தொடர்பின் கோணத்தில், இருப்பதாகவே கொள்ளப்படுவதில்லை." அவர் மூன்று வரி நிரூபணத்தைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டிவிட்டு ஐந்து வினாடி அமைதி காத்தார். டீன் இருமினார்.

"எனக்குப் புரியல. எனக்குப் புரியலன்னா ஒண்ணு நான் முட்டாள், இல்ல நீங்க. அதான் இங்க நிபுணர் வெச்சிருக்கே." எமீலியாவின் பக்கம் திரும்பினார். "பானி டாக்டர், நீங்க சொல்லுங்க. ஒரே வார்த்தை. பையன் சொன்னது சரியா, தப்பா? நீங்க எதுவோ நானும் அதுதான்."

இதைவிட எளிதாக யாருக்கும் எதுவும் அமைந்ததில்லை. மூன்றில் இரண்டு ஓட்டு அவள் நாக்கில் இருந்தது. டோபியாஸ் அவளைப் பார்க்கக்கூட இல்லை. வேலை முடிந்தவன் மாதிரி விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைக் குட்டைக் கோட்டில் படாமல் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"அது..." என்றாள் எமீலியா. "எந்த மரபை எடுத்துக்கறோம்ங்கறதைப் பொறுத்தது."

"பாடநூலின் மரபுப்படி?" என்றார் பேராசிரியர் மெதுவாக.

"பாடநூலோட மரபுப்படி... தற்சுட்டுதான்."

டோபியாஸ் திரும்பினான். உணவுக்கூடத்தைப் பற்றி அவன் ஏதாவது சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் பேராசிரியருக்குத் தெரிந்திருக்கும், வியாழக்கிழமை கெட்டிருக்கும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்க, பானி டாக்டர்" என்றான்.

டீன் தோளைக் குலுக்கினார். "அப்ப சரி. படிச்சவங்க சொன்னா சரி." பச்சை அட்டைபோட்ட மதிப்பெண் புத்தகத்தில் இரண்டு என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். எமீலியாவின் பேனா எங்கும் கீறவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

அவள் படியிறங்கிப் போனபோது அவன் கீழே கோட்டு மாட்டும் இடத்தில் அடையாள வில்லையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"டோபியாஸ்."

"நான் ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றான் அவன். குரலில் சூடே இல்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னான்.

"தெரியும்."

"பொண்ணுங்க யாராவது இப்படி ஆசை காட்டி ஏமாத்தினா புரியும். நீங்க எதுக்குப் பண்ணீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்ததால் சொல்லவில்லை. அவன் தன் மேல்கோட்டை வாங்கிக்கொண்டு, இரவல் கோட்டைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை அவளுடைய நியமனம் ஆறு வருடம் நீட்டிக்கப்பட்டது. ஆட்சிக்குழுவில் பேராசிரியர் அவளுடைய 'கொள்கை உறுதி' பற்றி நாலு வார்த்தை சொன்னாராம். ஏப்ரலில் டோபியாஸ் பட்டாளத்துக்குப் போனான். கட்டுமானம் படித்தவன் என்று பார்த்துவிட்டு வெடிவைக்கும் பிரிவில் போட்டார்கள்.

அடுத்த பிப்ரவரியில் பானி யத்விகா தேநீர்க் கோப்பைகளோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பூச்சியப் பையன் இல்ல..."

"என்ன?"

"வடக்க எங்கயோ, பாலத்துக்குக் கீழ ஐஸை வெடி வெச்சு உடைச்சுக்கிட்டு இருந்தாங்களாம். ஒரு வெடி வெடிக்கல. போய் என்னன்னு பாருன்னு அனுப்பியிருக்காங்க." கோப்பையை மேசைமேல் வைத்தாள். "போய்ப் பாத்திருக்கான். சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

மார்ச்சில் அவனுடைய அப்பா வந்தார். சேரும்போது கொடுத்திருந்த பள்ளிச் சான்றிதழ் டீன் அலுவலகத்திலேயே கிடந்தது. அதை வைத்து இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் வாங்கிக்கொள்ள வந்திருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்ட வேண்டியிருந்தது. தாழ்வாரத்தில் எமீலியாவின் அறைக் கதவில் பெயரைப் படித்துவிட்டு நின்றார். சின்ன மனிதர். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"நீங்கதானா அந்தப் பானி டாக்டர்? அவன் சொல்லுவான்."

என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த சைபர் விஷயம். நான் படிக்காதவன். அவன் எழுதினது சரியா, தப்பா? ஏன்னா அவன் சரின்னுதான் சொன்னான், கடைசிக் கடுதாசியிலகூட அதையே எழுதியிருந்தான்."

தாழ்வாரத்தில் யாருமில்லை. கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சரி" என்றாள் எமீலியா.

"சரின்னா, அவன் சொன்னது சரி."

"அவன் சொன்னது சரி."

"எனக்கும் அப்படித்தான் பட்டது" என்றார் அவர். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார். அவர் நன்றி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, ஆனால் தாங்கிக்கொண்டாள். நாலு மணிக்கு வகுப்பு இருந்தது.

அந்தக் கோடையில் ஒன்பதாம் பதிப்பின் அச்சுப்படிகள் திருத்துவதற்கு அவளிடம் வந்தன. பயிற்சி நாற்பத்தேழில் 'முழுக்களின்' என்பதற்கு முன்னால் 'பூச்சியம் நீங்கலான' என்று இரண்டு வார்த்தை மையால் எழுதினாள். மூன்றாம் தேற்றத்தில், ஒவ்வொரு உறுப்புக்கும் குறைந்தது ஒரு தொடர்பாவது இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். பேராசிரியர் படித்தார், தலையசைத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னுரையில் 'நடையைச் செம்மைப்படுத்திய' டாக்டர் குபாட்ஸ்காவுக்கு நன்றி சொல்லியிருந்தார். வாசலுக்கு மேலே மாட்டியிருந்த சட்டத்தை, வெள்ளையடிக்கும்போது கழற்றினார்கள். திரும்ப மாட்டும்போது புதிய வாசகம் இருந்தது. ஐந்து வினாடி அமைதி பழையபடியே இருந்தது.

செப்டம்பரில் அமைச்சகத்திலிருந்து புதிய பாடத்திட்டம் வந்தது. கட்டுமானப் பொறியியல் மாணவர்களுக்குத் தொடர்புகள் பற்றிய அத்தியாயம் தேவையில்லை என்று நீக்கியிருந்தார்கள்.